இடிக்கும்போதே படமெடுக்க வழிசெய்யுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

சென்னையில் இடிபடும் கட்டடங்களைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் படமெடுத்து வருபவன் நான். என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். பழைய கட்டடத்தை இடிக்க அனுமதி கொடுக்கும்போது, இடிப்பு நடக்கும் நாட்களிலேயே அதைப் படமெடுத்துப் பதிவுசெய்ய வேண்டும் என்பதையும் நிபந்தனையாகச் சேருங்கள். எதையும் இடிக்கக் கூடாது என்று நான் வாதாட வரவில்லை. மூன்று தலைமுறையாகப் பங்கு பிரிந்து, கூரை ஒழுகி, வாடகையும் வராத வீட்டை ஒரு குடும்பம் காலமெல்லாம் கட்டிக் காக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இடிப்பதற்கு முன் முகப்பை நாலு படம் எடுத்து வைத்தால் போதாதா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சென்ற தை மாதம் ஜார்ஜ் டவுனில் ஒரு வீட்டின் மாடித் தளத்தைப் பிரித்தபோது நான் பார்த்ததே அதற்குப் பதில். ஆட்கள் கடப்பாரையால் தட்டோடுகளைப் பெயர்த்தார்கள். அதன் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, மரக்கட்டையால் அடித்து இறுக்கிய காரை ஒரு கையகலத்துக்கு இருந்தது. அதற்கும் கீழே, தேக்குச் சட்டங்களின் மேல், மெல்லிய சிறு செங்கற்கள் குத்துவாட்டில், மூலைவிட்டமாக, ஒன்றையொன்று தாங்கி நின்றன. மெட்ராஸ் டெரஸ் என்று ஊரே பெயர் கொடுத்த தளம் இது. அடியில் பலகை முட்டுக் கொடுக்காமல், சுண்ணாம்பின் பிடிப்பை மட்டும் நம்பி ஒரு மூலையிலிருந்து கொத்தனார் கட்டிக்கொண்டே போன விதம், தளம் வெட்டுப்பட்ட அந்த அரைமணி நேரத்தில் தெளிவாகத் தெரிந்தது. வீடு முழுதாக நின்றவரை அதைப் பார்க்க வழியில்லை. மாலைக்குள் அது குப்பை லாரியில் ஏறிவிட்டது. இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று மிகச் சிலரே.

அதே வீட்டில் பாதி இடிந்த சுவர் ஒன்றின் விளிம்பில் வண்ணங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன: மேலே ரோஜா நிற டிஸ்டம்பர், அடுத்துப் பச்சை, அதற்கும் உள்ளே நீலம் கலந்த சுண்ணாம்பு. பக்கத்தில் விளக்குமாடத்தின் கரி அப்படியே படிந்திருந்தது. எந்த வரைபடத்திலும் இவை இடம்பெறுவதில்லை.

இடிக்கும் அரசே படமெடுக்க ஏற்பாடு செய்வது புதுமையும் அல்ல. கிளாஸ்கோ நகரில் நெருக்கமான பழைய சந்துகளை இடித்துத் தள்ள 1866இல் அமைந்த நகர மேம்பாட்டு அமைப்பே தாமஸ் அன்னானை நியமித்து, 1868 முதல் அச்சந்துகளைப் படமெடுக்கச் செய்தது. பாரிஸ் நகரம் தான் அகற்றவிருந்த தெருக்களைச் சார்ல் மார்வில்லைக் கொண்டு பதிவுசெய்தது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சென்னை மாகாண அரசே 1856இல் லின்னேயஸ் ட்ரைப்பைத் தன் ஒளிப்படக் கலைஞராக நியமித்தது. மதுரையையும் திருவரங்கத்தையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.

நம் நகரிலேயே அண்மைக்கால முன்மாதிரி ஒன்று உண்டு. 1837இல் கட்டிய மத்திய சிறையின் கைதிகள் 2006இல் புழலுக்கு மாற்றப்பட்டார்கள். 2009இல் அதை இடிக்கும் முன்பு பொதுமக்கள் உள்ளே சென்று பார்க்கச் சில நாட்கள் திறந்து விட்டார்கள். அரசு மனம் வைத்தால் கதவு திறக்கும் என்பதற்கு அந்த நாட்களே சான்று.

பதிவு இல்லாததன் விலையை அண்ணா சாலையிலுள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை வைத்து எண்ணிப் பார்க்கலாம். 1897இல் எழுந்த அதை 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள்; வழக்கு நடந்து, 2010இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு அதைக் காத்தது. ஆனால் இடித்தது இடித்ததுதான். சிதைந்த பகுதியை மீண்டும் எழுப்ப வேண்டுமானால், கல் எது, கம்பி எது, எது எதன்மேல் உட்கார்ந்திருந்தது என்று காட்டும் படங்கள் வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிய உங்கள் கவலையை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயிஸ் சல்லிவன் வடிவமைத்த கட்டடங்களை அவை இடிபடும் காலத்தில் பதிவுசெய்து வந்த ஒளிப்படக்காரர் ரிச்சர்ட் நிக்கல், 1972 ஏப்ரலில் சிகாகோ பங்குச் சந்தைக் கட்டடத்துக்குள் தனியே போய், இடிபாட்டில் சிக்கி உயிரிழந்தார். முறையான அனுமதி இல்லாத இடத்தில்தான் ஆர்வலர்கள் திருட்டுத்தனமாக நுழைய நேர்கிறது. நானும் நுழைந்திருக்கிறேன்; ஒருமுறை காவலாளி என் கேமராவைப் பிடுங்கி அதன் நினைவக அட்டையிலிருந்த படங்களை அழித்தபின்பே வெளியே விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தலைக்கவசமும் இடுப்புக் கயிறும் இல்லாமல் உச்சிச் சுவரில் நின்று சம்மட்டி அடிக்கும் ஆட்கள் படத்தில் விழுந்துவிடக் கூடாது என்பதே ஒப்பந்தக்காரர் அவருக்கு இட்ட கட்டளை. படமெடுப்பது நிபந்தனையானால், அந்தத் தொழிலாளர் தலையில் கவசம் ஏறும் என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடம் என்றால், ஓடு பிரிக்கும் நாள், தளம் திறக்கும் நாள், அடித்தளம் தோண்டும் நாள் ஆகிய மூன்றையும் உரிமையாளர் முன்கூட்டியே தெரிவிக்கட்டும். பொறியாளர் ஒருவர் குறித்துக் காட்டும் இடத்தில் நின்று, கட்டடக்கலை மாணவர்களும் ஒளிப்படக்காரர்களும் படமெடுக்கட்டும். தொழிலாளர் முகம் அவர்கள் சம்மதித்தால் மட்டும் பதிவாகட்டும். வீட்டாரின் பெயர் வெளிவர வேண்டியதில்லை. படங்களைத் தெரு, நாள், பொருள் குறித்து எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சேர்த்தால் போதும். உரிமையாளருக்கு இதனால் ஒரு காசும் செலவில்லை.

என் படங்கள் முழுவதையும் விலையின்றி ஒப்படைக்க அணியமாக இருக்கிறேன். எங்கள் தெருமுனை வீட்டுக்குச் சென்ற வாரம் பச்சை வலை கட்டிவிட்டார்கள். அதன் தளமும் மெட்ராஸ் டெரஸ்தான். அதைத் திறக்கும் நாளில் வாசல் வழியாக உள்ளே செல்ல எனக்கும் ஓரிரு மாணவர்களுக்கும் அனுமதி தரக் கோரி, இம்மடலோடு தனி விண்ணப்பம் ஒன்றையும் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வடசென்னையைச் சேர்ந்த ஓர் ஒளிப்படக்காரன்