வளவு வீட்டாருக்கும் தெருக்காரர்களுக்கும் நன்றி மடல்

அன்புள்ள வளவு வீட்டு உறவுகளுக்கும், அங்கன்வாடி டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும், ஆட்டோ அண்ணாச்சிக்கும், சன்னதியில் பூக்கட்டும் அக்காவுக்கும், பேர் தெரியாத ஒரு ஜேசிபி டிரைவருக்கும் வணக்கம்.

எனக்கு மாற்றல் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் திருநெல்வேலி டவுனை விட்டு ஈரோட்டுக்குக் குடிபோகிறோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்ல ஆரம்பித்தால் அழுகைதான் வரும், சொல்ல நினைத்தது வராது. அதனால் எழுதிவிடுகிறேன். எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊர் வளவு என்பது தெருவில் ஒரே வாசல், உள்ளே நீள நடை, நடுவில் பொது முற்றம், இரண்டு பக்கமும் வரிசையாய் வீடுகள். ஒரு வீட்டில் ரசம் கொதித்தால் எல்லா வீட்டுக்கும் வாசம் வரும். ஒரு வீட்டுப் பிள்ளை அழுதால் நாலு வீட்டிலிருந்து ஆள் வரும்.

நான் காலையில் எட்டரைக்குக் கிளம்பினால் திரும்பி வர ஏழு மணி ஆகிவிடும். பிள்ளைகளின் அப்பாவுக்குத் தூத்துக்குடியில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். எங்கள் பெரியவளின் பகலும் சின்னவனின் பகலும் உங்களிடம்தான் கழிந்தன. சோறு ஊட்டினீர்கள், தலை சீவிவிட்டீர்கள், காய்ச்சல் என்றால் தோளில் போட்டுக்கொண்டு நடந்தீர்கள். இது எல்லாவற்றுக்கும் நன்றி. ஆனால் இந்த மடலை முக்கியமாய் இன்னொன்றுக்காக எழுதுகிறேன். நாங்கள் இல்லாதபோது பிள்ளைகள் அடித்த கூத்தையெல்லாம் பார்த்து, ஞாபகம் வைத்திருந்து, சாயங்காலம் எங்களிடம் சொன்னீர்களே, அதற்கு. என் பிள்ளைகளின் சின்ன வயசில் பாதியை நான் உங்கள் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் வீட்டு ஆச்சி, முதலில் உங்களுக்கு.

நீங்கள் எதையும் போனில் சொல்ல மாட்டீர்கள். நான் வந்து, கால் கழுவி, காப்பி குடித்து முடிக்கிற வரைக்கும் பேச்சு வராது. அப்புறம் முந்தானையை உதறி உட்கார்ந்து, "இன்னைக்கு நடந்ததக் கேளு" என்று ஆரம்பிப்பீர்கள். பெரியவள் பேசியதை அவள் குரலிலும் சின்னவன் பேசியதை அவன் மழலையிலும் சொல்லுவீர்கள். நான் கூடவே இருந்திருந்தால்கூட அவ்வளவு நன்றாகக் கவனித்திருப்பேனா தெரியவில்லை.

பல் செட்டுக் கதையை இங்கே சொல்லாமல் விட முடியாது. பெரியவளுக்கு முதல் பல் விழுந்த நாள் அது. பல்லைச் சாணியில் பொதிந்து கூரையில் எறிந்தால் புதுப் பல் முளைக்கும் என்று நீங்கள் சொல்ல, அவள் அதே பிடியாய் நின்றிருக்கிறாள். வளவில் எல்லாம் இப்போது மொட்டை மாடி. அடிபம்புக்குப் பின்னால் ஒரு ஓட்டுச் சாய்ப்பு மட்டும்தான் மிச்சம். தெருமுனை மாட்டுக்காரர் வீட்டில் சாணி வாங்கி வந்து, உருட்டி, பல்லை உள்ளே அமுக்கி எறிந்தாள். உருண்டை ஓட்டில் நிற்காமல் உருண்டு அவள் காலடிக்கே வந்து விழுந்தது. "என் பல்லு என்கிட்டயே வருது" என்று ஒரே அழுகை. நீங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறப் போக, மாடி வீட்டு மாமா ஓடிவந்து தடுத்து, அவரே வாங்கி எறிந்திருக்கிறார்.

இது அத்தனையையும் சின்னவன் வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தானாம். மத்தியானம் நீங்கள் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால், தம்ளரில் ஊறப்போட்டிருந்த பல் செட்டைக் காணோம். வளவே கூடித் தேடியது. கடைசியில் அடிபம்படியில் முழங்கை வரைக்கும் சாணியோடு அவன் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பெரிய உருண்டை. "ஆச்சி, ஒனக்கு எல்லாப் பல்லும் மொத்தமா முளைக்கும், தூக்கி எறிஞ்சுருவோமா?" என்று கேட்டானாம்.

நீங்கள் அவனை ஒரு வார்த்தை வையவில்லை. அந்த உருண்டையை உடைத்து, கழுவி, மறுபடி கழுவி, சாயங்காலம் பொக்கை வாயோடு சிரித்துக்கொண்டே எனக்கு இதைச் சொன்னீர்கள். புது செட்டு வாங்கித் தருகிறோம் என்றதற்கு, "எனக்குப் பல்லு முளைக்கணும்னு இந்த வயசுல நெனைக்கதுக்கு ஒரு ஆள் இருக்கானே, போதும்" என்றீர்கள். அந்தச் சனிக்கிழமை அவருக்கு இதை நான் சொல்ல, நீங்கள் இடையில் புகுந்து திருத்த, விடிய விடியச் சிரித்தோம்.

அங்கன்வாடி ஆயாம்மா, முட்டைக்கு உங்களுக்கு நன்றி. வாரத்தில் மூன்று நாள் முட்டை போடுவீர்கள். அந்த நாட்களில் சின்னவனின் டவுசர் பையில் ஒரே மஞ்சள் பொடியாய் இருக்கும். துவைக்கும்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள்தான் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். அக்காவுக்கு மஞ்சள் கரு பிடிக்கும் என்று தன் முட்டையிலிருந்து பாதியை எடுத்து வைத்திருக்கிறான் அவன். பையில் வைத்தால் நசுங்கிப்போகும் என்று சொல்லி உங்கள் வீட்டிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தீர்களே! அவன் முட்டையை முழுசாய்ச் சாப்பிட வைத்தீர்கள், டப்பாவில் வேறு ஏதாவது ஒரு வாய் வைத்து அனுப்பினீர்கள். ஒருநாள் சுண்டல், ஒருநாள் வெல்லக்கட்டி. அக்கா பள்ளிக்கூடம் விட்டு வருகிற வரைக்கும் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நடையில் காத்திருப்பானாம். டீச்சர், மாதா மாதம் எடை பார்க்கும்போது அவனுடைய ரப்பர் புலியையும் மேடையில் நிறுத்தி, அதற்கும் ஒரு எடை சொன்னீர்கள். புலி இளைத்துவிட்டது என்று நீங்கள் சொன்ன மாதம் இரண்டு வேளையும் ஒழுங்காய்ச் சாப்பிட்டான். அது என்ன மருந்து என்று எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஆட்டோ அண்ணாச்சி, டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிற வழியெல்லாம் எங்கள் பெரியவள் கேள்வி கேட்பாள் என்று தெரியும். ஈரடுக்கு மேம்பாலத்தில் மேலே போகிற பஸ் கீழே விழுமா, ஆறு ராத்திரியில் எங்கே தூங்கும், இப்படி. நீங்கள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னீர்கள். ஆற்றுப்பாலத்தை யார் கட்டினார்கள் என்று கேட்டபோது, கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த சுலோச்சன முதலியார் என்பவர் ஜனங்கள் ஆற்றைக் கடக்கப் படுகிற பாட்டைப் பார்த்துத் தன் சொந்தக் காசைப் போட்டுக் கட்டிய பாலம், 1843இல் திறந்தார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து பாலத்தில் ஏறினதும் "சுலோச்சன தாத்தா, தேங்க்ஸ்" என்று கத்துவாளாம். கூட வருகிற பிள்ளைகளும் சேர்ந்து கத்த, பாலம் முடிகிற வரைக்கும் நீங்கள் ஹாரன் அடித்து ஒத்தாசை செய்வீர்களாம். அப்படிக் கட்டியவருக்குப் பிள்ளைகள் தினமும் நன்றி சொல்வது எனக்குப் பெரிய சந்தோஷம்.

பூக்கார அக்கா, காந்திமதி யானை 2025 ஜனவரியில் இறந்தபோது பெரியவளைத் தேற்றியது நீங்கள்தான். நெல்லையப்பர் கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்க்கிறாளோ இல்லையோ, யானையைப் பார்க்காமல் வரமாட்டாள். அன்றைக்கு ஊரே திரண்டு வந்து அழுதது. நீங்கள் ஒரு முழம் பிச்சிப்பூ நறுக்கி, "இது யானைக்கு, நீயே போடு" என்று அவள் கையில் கொடுத்தீர்கள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டீர்கள்.

அப்போது சின்னவனுக்கு ஒன்றும் புரியாத வயசு. தும்பிக்கையைத் தலையில் வைத்து ஆசீர்வாதம் பண்ணுவது மட்டும் அவனுக்கு ஞாபகத்தில் நின்றுவிட்டது. பிறகொரு நாள் ரத வீதியில் குழாய் பதிக்கத் தோண்டிக்கொண்டிருந்த ஜேசிபியைப் பார்த்ததும், அதன் நீளக் கை மேலே ஏறி இறங்குவதைப் பார்த்ததும், மாமாவின் கையை உதறிவிட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தான். கைகூப்பி, தலையைக் குனிந்து அப்படியே நின்றான். டிரைவர் தம்பி, நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வந்தீர்கள். மண்ணான கையைச் சட்டையில் துடைத்து, அவன் தலையில் வைத்து, "நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஏறினீர்களாம். மாமா இதைச் சொல்லும்போது அவருக்கே குரல் கம்மிவிட்டது. உங்கள் பேர் தெரியாது, ஊர் தெரியாது. இது எப்படியாவது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

மாடி வீட்டு மாமா, மாமி, 2023 டிசம்பர் வெள்ளத்தில் நடை வரைக்கும் தண்ணீர் வந்தபோது எங்களை மேலே கூட்டிப்போனீர்கள். பால் கிடைக்காத அந்த நாட்களில் உங்கள் பேரனுக்கு வைத்திருந்த பால் பவுடரில் பாதியைச் சின்னவனுக்குக் கொடுத்தீர்கள். அதை இரண்டு பேரும் மறக்க மாட்டோம்.

ஆச்சி, மறுபடியும் உங்களிடம் வருகிறேன். போன வாரம் நான்காம் வீட்டு மதினி பேச்சுவாக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் அவர்களைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. சின்னவன் முதல் அடி எடுத்து வைத்தது ஒரு சாயங்காலம், நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியபோது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். "முற்றத்துல நின்னு கூப்பிட்டுப் பாரு, இன்னைக்கு நடந்தாலும் நடப்பான்" என்றீர்கள். ஆட்டுரலைப் பிடித்து நின்றவன் கையை விட்டு என்னை நோக்கி வந்தான். எல்லோரும் கைதட்டினீர்கள். நான் அழுதேன். அன்றைக்கு மத்தியானமே அவன் உங்களைப் பார்த்து நடந்துவிட்டானாமே ஆச்சி. "யாரும் அவகிட்ட மூச்சு விடக்கூடாது, பெத்தவ முதல்ல பாக்கட்டும்" என்று வளவு முழுக்கச் சொல்லி வைத்தீர்களாமே. எல்லாக் கதையையும் ஒன்று விடாமல் சொல்லுகிற நீங்கள், அந்த ஒன்றை மட்டும் எனக்காகச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறீர்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஈரோட்டில் வீடு பார்த்தாயிற்று, கீழ்த்தளம்தான், படி ஏற வேண்டாம். உங்களுக்கென்று ஒரு கட்டில் போட்டு வைக்கிறோம். தீபாவளிக்கு முன்னால் அவர் நேரில் வந்து உங்களை அழைத்துக்கொண்டு போவார். வரமாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஆனித் தேருக்கு நாங்கள் நாலு பேரும் கண்டிப்பாய் இங்கே இருப்போம். சின்னவன் இந்தத் தடவை வடம் பிடிப்பேன் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான். அங்கன்வாடி டப்பாவைத் திருப்பித் தரச் சொன்னேன் ஆயாம்மா, தரமாட்டேன் என்கிறான். அதற்குப் பதிலாய் ஒரு புது டப்பா வாங்கி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

என்றும் அன்போடு,
வளவு ஐந்தாம் வீட்டிலிருந்து
பெரியவளின், சின்னவனின் அம்மாவும் அப்பாவும்