வாய்ஸ் நோட்டில் தொலைந்த ஒரு சென்டிமீட்டர்

மாப்ளே,

போன மாதம் நீ கூப்பிட்டபோது "அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிட்டேன். கோபமில்லையே? கம்பெனியில் அன்றைக்கு ரகளை. இப்போது ஷிப்மென்ட் போய்விட்டது, நிதானமாக எழுதுகிறேன்.

ஒரு டி-ஷர்ட் ஆர்டர். கழுத்து அகலத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைக்கச் சொல்லி பையரிடமிருந்து (சரக்கு வாங்கும் கம்பெனி) தகவல் வந்தது. பையரோடு ஆர்டர் விவரம் பேசும் எங்கள் மெர்ச்சண்டைசர் பெண் அதை வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் நோட்டாகப் போட்டிருக்கிறாள். அதே குரூப்பில்தான் டையிங் ஷேடு போட்டோ, லாரி எங்கே என்ற விசாரிப்பு, யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து எல்லாம். கட்டிங் மாஸ்டர் அதைக் கேட்கவே இல்லை. பழைய அளவில் 800 பீஸ் வெட்டியாகிவிட்டது. அகலப்படுத்தச் சொல்லியிருந்தால் இன்னொரு முறை வெட்டியிருக்கலாம். வெட்டியதை ஒட்டவா முடியும்?

அப்போதுதான் நீ அடிக்கடி சொல்லும் கிட் (Git) சாஃப்ட்வேர் ஞாபகம் வந்தது. லினக்ஸ் ஆட்களுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது, புரோகிராமில் யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்று பதிவாகி நிற்கும் என்பாயே, அதேதான். எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஸ்டைலுக்கு ஒரு கூகுள் ஷீட் போட்டோம். அளவு, ஜிஎஸ்எம் (துணியின் கனம்), லேப் டிப் (சாம்பிள் சாயம்) அப்ரூவல் எல்லாம் அதில். ஷீட்டின் எந்தக் கட்டத்திலும் முன்பு என்ன எண் இருந்தது, யார் மாற்றினார் என்று அதுவே காட்டிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்திவிட்டால் பழைய எண் போனது போனதுதான். ஆகவே குரூப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம், ஷீட்டில் ஏறாததை வெட்டக் கூடாது என்று முடிவு செய்தோம்.

மாஸ்டர் மட்டும் மசியவில்லை. "இத்தனை கட்டத்தைப் போனில் என்னால் பார்க்க முடியாது தம்பி" என்றுவிட்டார். சரி, தினமும் காலையில் பிரிண்ட் எடுத்துக் கட்டிங் டேபிள் அருகே ஒட்டுகிறோம். அவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கத்தி ஓடும். அந்தத் தாளைத்தான் எல்லோரும் வந்து பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த ஏற்பாட்டிலேயே உருப்படியானது அதுதான்.

ஒன்று மட்டும் பிடிக்கவில்லை. இருபதடி தள்ளி நிற்கிற சூப்பர்வைசரும் இப்போது எழுந்து வராமல் மெசேஜ் போடுகிறார்.

அந்த 800 பீஸையும் தைத்துக் காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டில் தள்ளிவிட்டோம். உனக்கு இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன், தீபாவளிக்கு வரும்போது வாங்கிக்கொள். கழுத்து கொஞ்சம் அகலமாகத்தான் இருக்கும்.

உன் மச்சான்,
திருப்பூர்