விமானத்துக்கு முன்னால் ஒரு ரயில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'தி அவெஞ்சர்ஸ்' என்னும் பிரிட்டிஷ் உளவுத் தொடரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அந்தப் பெயரைக் கேட்டதும் மார்வெல் நாயகர்களை மட்டுமே நினைக்கும் தலைமுறைக்கு, 1961லேயே அதே பெயரில் ஒரு தொடர் தொடங்கி 1969 வரை ஓடியது என்று எடுத்துச் சொல்ல யாராவது வேண்டும்தான். 2012இல் மார்வெல் படம் பிரிட்டனில் திரைக்கு வந்தபோது, பழைய தொடரோடு குழம்பிவிடக் கூடாதென்று அங்கே அதன் பெயரை 'மார்வெல் அவெஞ்சர்ஸ் அசெம்பிள்' என்று மாற்றி வெளியிட்டார்கள் என்றால், அந்த நாட்டு மக்கள் மனத்தில் அத்தொடருக்கு இருக்கும் இடம் விளங்கும்.

ஆனால் கட்டுரையில் இரண்டு செய்திகளை என்னால் ஏற்க இயலவில்லை. 1967இல் வண்ணத்தில் வந்த 'தி சூப்பர்லேட்டிவ் செவன்' என்னும் பகுதியை, மாறுவேட விருந்துக்கென்று அழைக்கப்பட்டவர்கள் விமானத்தில் ஏற்றப்பட்டு ஒரு தீவில் இறக்கப்படும் கதையை, கட்டுரையாளர் புத்தம்புதிய கற்பனை என்று பாராட்டியிருக்கிறார். அதற்கு முந்தைய, வீடியோ நாடாவில் பதிவான கறுப்பு வெள்ளைப் பகுதிகளை ஒத்திகைக் காலம் என்று ஒரே வரியில் ஒதுக்கியிருக்கிறார். அந்த விமானக் கதைக்கு மூலம் 1963 டிசம்பர் 28ஆம் நாள், சனிக்கிழமை இரவு, பிரிட்டனில் ஒளிபரப்பான 'டிரெஸ்டு டு கில்' என்னும் பகுதி. இரண்டையும் எழுதியவர் ஒருவரே, பிரையன் கிளெமென்ஸ். தம்முடைய பழைய சரக்கையே அவர் நான்காண்டுகள் கழித்து எடுத்துத் திருத்திக் கொடுத்தார். அதில் குற்றம் ஏதுமில்லை. மூலத்தைச் சொல்லாமல் விடுவதுதான் குறை. மேலும், மூலமே மேலானது என்பது என் உறுதியான கருத்து. அந்த மூலத்தில் விமானமும் இல்லை, தீவும் இல்லை. கதை ஒரு ரயிலில் நடக்கிறது.

ரயில்வேயில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன், அதில் பெரும்பகுதி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் என்பதால் எனக்கு ரயிலின் மேல் ஒரு சாய்வு இருக்கும் என்று தாங்கள் நினைக்கலாம். இருக்கிறதுதான். ஆயினும் காரணத்தோடுதான் சொல்கிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிரித் தாக்குதலை முன்னறிவிக்கும் ரேடார் நிலையங்கள், ஒன்றே ஒன்று நீங்கலாக எல்லாம், ஒரே சமயத்தில் பொய்யாக அபாயச் சைகை காட்டுகின்றன. நாடு போரின் விளிம்பு வரை போய்த் திரும்புகிறது. அந்த நிலையங்களை ஒட்டிய நிலங்களை யாரோ வாங்கிப் போட்டிருப்பதாகத் துப்புக் கிடைக்கிறது. பொய்ச் சைகைக்கு அகப்படாத நிலையத்தை ஒட்டிய நிலத்துக்கும் போட்டி நடக்கிறது. அதை வாங்கத் துடிப்பவர்களில் ஒருவராக உளவாளி ஜான் ஸ்டீடும் நுழைகிறார். பிறகு அவர்கள் அனைவருக்கும் புத்தாண்டு இரவு மாறுவேட விருந்துக்கு அழைப்பு வருகிறது, விருந்து நடப்பதோ ஓடும் ரயிலில். நள்ளிரவுக் கொண்டாட்டத்துக்கு எங்கோ போக வேண்டிய வண்டி, வழி மாறி, மூடிக் கிடக்கும் ஒரு ஸ்டேஷனில் போய் நின்றுவிடுகிறது. அங்கே கொலை விழுகிறது. குற்றவாளி யார் என்பதை எழுதி, இனிமேல் பார்க்கப்போகிறவர்களின் சுவையைக் கெடுக்க மாட்டேன்.

அந்த மூடிய ஸ்டேஷனை வெறும் பேய்வீட்டு அலங்காரமாகப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. 1963 மார்ச் மாதத்தில் தான் பிரிட்டிஷ் ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங்கின் அறிக்கை வெளிவந்தது. நட்டத்தைக் காரணம் காட்டி 2,363 ஸ்டேஷன்களையும், ஐயாயிரம் மைலுக்குமேல் பாதையையும் மூட வேண்டும் என்றது அது. ஊர் ஊராக எதிர்ப்புக் கூட்டங்கள் நடந்தன. எங்கள் கிளைப் பாதையை எடுக்காதே என்று கையெழுத்து வாங்கினார்கள். அந்த ஆண்டின் கடைசி சனிக்கிழமை இரவில் தொலைக்காட்சி முன் அமர்ந்தவர்களுக்கு, விளக்கில்லாத பிளாட்பாரம் என்பது கற்பனைப் பொருள் அன்று. அது அவர்களுடைய சொந்த ஊரின் அடுத்த ஆண்டு.

ரேடார் நிலையமும் அப்படித்தான். வடக்கு யார்க்‌ஷயரின் மேட்டு வெளியில் ஃபைலிங்டேல்ஸ் என்னும் இடத்தில் மூன்று பெரிய வெள்ளைக் கோளங்களோடு ஏவுகணை முன்னறிவிப்பு நிலையம் செயல்படத் தொடங்கியது அதே 1963 செப்டம்பரில். தாக்குதல் வருமானால் மக்களுக்குக் கிடைக்கப்போவது நான்கே நிமிட அவகாசம் என்பது அக்காலத்துச் சிறுவர்களுக்கும் தெரிந்த கணக்கு. பொய் அபாயமும் கதாசிரியர் காற்றில் பிடித்ததன்று. 1960 அக்டோபர் 5ஆம் நாள் கிரீன்லாந்தின் தூலே நிலையத்து ரேடார், நார்வேக்கு மேலே எழுந்த நிலவையே ஏவுகணைக் கூட்டமாகக் காட்டியிருக்கிறது.

ரேடார் நிலையமும் மூடப்படும் ரயில் பாதையும் நிலத்திலேயே ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. ஃபைலிங்டேல்ஸிலிருந்து சில மைல் தள்ளிப் பள்ளத்தாக்கு வழியே ஓடிய விட்பி - பிக்கரிங் ரயில் பாதை, பீச்சிங் அறிக்கையில் அகப்பட்டு 1965 மார்ச்சில் மூடப்பட்டது. ஆர்வலர்கள் அதன் பெரும்பகுதியை மீட்டு 1973இல் நீராவி வண்டி விட்டார்கள், இன்றும் ஓடுகிறது. அந்த வெள்ளைக் கோளங்களோ 1990களில் இடிக்கப்பட்டுவிட்டன. அந்த வட்டாரத்தை மனத்தில் வைத்துத்தான் கிளெமென்ஸ் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஓர் ஆண்டின் இரண்டு அச்சங்கள், ஒன்று வானத்திலும் மற்றது தண்டவாளத்திலும், ஒரே ஐம்பது நிமிடக் கதைக்குள் இப்படி இயல்பாக வந்து உட்கார்ந்திருப்பதைத்தான் சுட்டுகிறேன். நான்காண்டு கழித்து இதே கதை விமானத்துக்கும் தீவுக்கும் மாறியபோது இரண்டு அச்சங்களுமே கழன்றுவிட்டன. எஞ்சியது திறமைசாலிகள் சிலரை ஓரிடத்தில் அடைத்து ஒவ்வொருவராகச் சாகவிடும் விளையாட்டு. பிரையன் பிளெஸ்ஸட், சார்லட் ராம்ப்ளிங், டொனால்ட் சதர்லாண்ட் போன்றோர் நடித்திருப்பதால் அது சுவையாகவே ஓடுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் தீவு எந்தக் காலத்திலும் இருக்கும். அந்த ஸ்டேஷன் 1963க்கு மட்டுமே உரியது.

நிற்கக் கூடாத இடத்தில் வண்டி நிற்கும்போது என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பேச்சு முதலில் நிற்காது. சக்கரச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தவர்கள், சத்தம் நின்ற பிறகும் ஓரிரு வார்த்தை அதே உரத்த குரலில் பேசிவிட்டு, தங்கள் குரல் தங்களுக்கே கேட்டதும் வாயடைத்துப் போவார்கள். பிறகு ஒருவர் ஜன்னல் பக்கம் குனிந்து கண்ணாடியில் கையைக் குவித்து வைத்துப் பார்ப்பார். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இது என்ன ஸ்டேஷன்? பெயர்ப்பலகையை வாசிக்கும் வரை எவருக்கும் நிம்மதி இருக்காது. ஸ்டேஷனுக்கு வெளியே அவுட்டர் சிக்னலில் காத்து நின்ற எத்தனையோ இரவு வண்டிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பகுதியில் பலகையைப் படித்த பின்னும் நிம்மதி வருவதில்லை, ஏனெனில் அந்தப் பெயரில் இப்போது எந்த வண்டியும் நிற்பதில்லை.

அதோடு, ஒரு வண்டி தானாக வழி மாறாது. தண்டவாளம் பிரியும் இடத்திலுள்ள பாயிண்ட் திருப்பப்பட வேண்டும், அதற்கேற்ற சிக்னல் இறங்க வேண்டும், கேபினில் ஒரு கை நெம்புகோலை இழுத்திருக்க வேண்டும். பயன்பாட்டிலிருந்து எடுத்த கிளைப் பாதை என்றால் அதன் பாயிண்டைக் கிளிப் போட்டுப் பூட்டியே வைத்திருப்பார்கள். ஆகவே வண்டி அந்தத் திசையில் வளைந்த நொடியிலேயே, இது விபத்தன்று, வெளியே யாரோ நமக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது ரயில்காரனுக்குப் புரிந்துவிடும். தீவில் இறங்கும் விமானம் தராத திகில் இது.

தொழில்நுட்பத்தைப் பற்றியும் கட்டுரையாளர் சற்றுப் பொறுமை காட்டியிருக்கலாம். இந்தப் பகுதி லண்டனின் தென்மேற்கே தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள டெடிங்டன் ஸ்டுடியோவில் வீடியோ நாடாவில் பதிவானது. அன்று நாடாவை வெட்டி ஒட்டுவது செலவும் தொல்லையும் பிடித்த வேலை. ஆகவே மேடை நாடகம்போலக் காட்சிகளை வரிசையாக, கூடியமட்டும் நிறுத்தாமல் எடுத்தார்கள். வசனம் தடுக்கினாலும் தொடர வேண்டியதுதான். இயக்குநர் பில் பெய்னிடம் இருந்தவை ஸ்டுடியோவில் அமைத்த ஒரு ரயில் பெட்டி, ஒரு பிளாட்பாரம், அவற்றைச் சுற்றி நகரும் கனத்த கேமராக்கள். இடம் குறுகலாக இருந்ததே படத்துக்கு உதவியாயிற்று. ஒருவர் முகத்தைக் காட்டும்போது இன்னொருவர் தோள் உள்ளே வந்தே தீரும். யாரையும் தனியே நம்ப முடியாத கதைக்கு இதைவிடப் பொருத்தமான சட்டகம் வேறில்லை.

வேடங்களைக் கவனியுங்கள். ராபின் ஹூட்டாக லெனர்ட் ராசிட்டர், நெப்போலியனாக அலெக்சாண்டர் டேவியன், பூனையாக அன்னெக் வில்ஸ், போலீஸ்காரராக ரிச்சர்ட் லீச், அமெரிக்க ஷெரிஃபாக ஜான் ஜங்கின். ஸ்டீடாக எந்நாளும் பௌலர் தொப்பியும் குடையுமாக வரும் பேட்ரிக் மெக்னீ, இங்கே இடுப்பில் துப்பாக்கி தொங்கும் மேற்கத்தியச் சூதாடியாக வருகிறார். ஹானர் பிளாக்மன் ஏற்ற, ஸ்டீடின் கூட்டாளியான கேத்தி கேலுக்கு வழிப்பறிக்காரர் வேடம். 'டிரெஸ்டு டு கில்' என்றால் பார்ப்பவர் அசந்துபோகும்படி உடுத்திக்கொள்வது என்று ஆங்கில வழக்கு. கொல்வதற்கென்றே உடுத்தியது என்ற நேர்ப்பொருளையும் கதை விடாமல் பிடித்துக்கொள்கிறது. வாளும் அம்பும் துப்பாக்கியும் ஒப்பனைப் பொருள்போல எல்லார் கையிலும் இருக்க, அவற்றில் எது உண்மையானது என்பதே கேள்வியாகிறது.

தொடரின் முதல் ஆண்டுப் பகுதிகள் 26இல் முழுமையாகக் கிடைத்திருப்பவை மூன்றே மூன்று. அவற்றிலும் ஒன்று 2016இல் தான் அகப்பட்டது. நாடாக்களைப் பாதுகாக்கும் வழக்கம் அன்று இல்லை. 'டிரெஸ்டு டு கில்' தப்பியதற்குக் காரணம், திரையில் ஓடிய படத்தையே ஃபிலிம் சுருளில் பிரதி எடுத்து வைத்திருந்ததுதான். அதனால்தான் படம் சற்று மங்கலாக இருக்கிறது. மங்கலாக இருப்பதைக் கொண்டு அதை ஒத்திகை என்று தள்ளுவது, தப்பிப் பிழைத்தவனின் காயத்தைக் காட்டி அவனைக் குறை சொல்வதாகும்.

வரும் இதழில் ஒரு சிறு திருத்தமாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்: விமானக் கதையின் மூலம் 'டிரெஸ்டு டு கில்', ஆண்டு 1963, இரண்டுக்கும் எழுத்து பிரையன் கிளெமென்ஸ். கட்டுரையாளர் ரயிலையும் விமானத்தையும் அடுத்தடுத்த இரவுகளில், ரயிலை முதலில் வைத்துப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதுவாரானால், அதை முதலில் படிக்கும் வாசகர்களில் நானும் ஒருவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்,
விழுப்புரம்.