ஓடினால் குறையும், படுத்தால் கூடும் வலி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் கட்டாய ராணுவச் சேவையான தேசிய சேவையில் இருக்கும் இளையர்களின் தீராத முதுகுவலியைப் பற்றி, குறிப்பாக அங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் என்ற நோயைப் பற்றி, தங்கள் நாளிதழின் வழியாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். என் மகனுக்கு இந்த நோய் இருப்பது தெரியவர மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த மூன்று ஆண்டுகளில் பெரும்பகுதி நானே அவனை நம்பவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும்போது, 17 வயதில், அவனுக்கு வலி தொடங்கியது. காலையில் கட்டிலைவிட்டு எழுந்து நிமிர முக்கால் மணி நேரம் ஆகும். வெந்நீரில் வெகுநேரம் குளித்த பிறகுதான் நடை சீராகும். அதே பையன் மாலையில் புளோக்குக்குக் கீழே உள்ள திடலில் ஒன்றரை மணி நேரம் பந்து விளையாடிவிட்டு, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் வீட்டுக்கு வருவான். “காலையில குனிய முடியலங்கிற, சாயங்காலம் மட்டும் எப்படிப்பா ஓடுற?” என்று கேட்டிருக்கிறேன். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. நான் குற்றச்சாட்டாகச் சொன்ன அந்த வேறுபாடுதான் இந்த நோயின் முதல் அடையாளம் என்று எனக்கு அப்போது தெரியாது.

பாரம் தூக்கியோ தசை பிசகியோ வரும் முதுகுவலி ஓய்வெடுத்தால் குறையும், அசைந்தால் கூடும். இந்த நோய் நேர்மாறானது. முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டுகளில், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அழற்சியை உண்டாக்குகிறது. படுத்திருக்கும்போது இறுக்கம் ஏறி, இரவின் பின்பாதியில் வலி ஆளை எழுப்பிவிடும். எழுந்து நடந்தால், ஓடினால், நீந்தினால் குறையும். பெரும்பாலும் 30 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது. 45 வயதுக்குப் பிறகு தொடங்குவது அரிது. ஆண்களிடம் அதிகமாகக் கண்டறியப்படுகிறது. கவனிக்காமல் விட்டால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், மனிதன் கூன் விழுந்து நிற்கும் நிலைகூட வரலாம். நம் பிள்ளைகள் சீருடை அணிகிற 18, 19 வயதும் இந்த நோய் தலைகாட்டுகிற வயதும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நானும் 1980களின் இறுதியில் சேவையாற்றியவன். 2004-இல் இரண்டு ஆண்டாகக் குறைக்கப்பட்ட முழுநேரச் சேவை எனக்கு இரண்டரை ஆண்டாக இருந்தது. அந்த நினைப்பிலேயே, “நாங்கள் எல்லாம் தாங்கவில்லையா?” என்று சொல்லித்தான் மகனை அனுப்பிவைத்தேன். முகாமிலும் வீட்டில் நடந்ததுதான் நடந்தது. உடலுறுதித் தேர்வில் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தை நல்ல நேரத்தில் முடித்து வெள்ளி நிலை பெற்றான். மறுநாள் விடியற்காலையில் அணிவகுப்புக்குக் கடைசி ஆளாக வந்து நின்றான். நேற்று ஓடியவன் இன்று நிற்க முடியவில்லை என்றால் யார்தான் நம்புவார்கள்? ‘சாவ் கெங்’ என்ற ஹொக்கியன் சொல்லை உங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வேலைக்கு அஞ்சி நோயாளியாக நடிப்பவன் என்ற அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், பிறகு உண்மையாகவே காய்ச்சல் வந்தாலும் மருத்துவ அதிகாரியிடம் போகக் கால் கூசும். என் மகன் ஒரு கட்டத்தில் போவதையே நிறுத்திவிட்டான். வீட்டிலும் வாய் திறப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல்வரை படுத்திருந்துவிட்டு, மாலையில் முகாமுக்குத் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தான். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. சீருடை முழுக்க அணிந்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். உயர்நிலை முதலாம் ஆண்டு படிக்கும் அவன் தங்கை தரையில் மண்டியிட்டு அவனுடைய பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு, “இறுக்கமா இருக்காண்ணா?” என்று அவள் கேட்ட விதத்திலேயே இது முதல் தடவை அல்ல என்று தெரிந்தது. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் இருவரும் எத்தனை வாரமாக இப்படிச் சமாளித்து வந்தார்களோ, அதை இன்றுவரை நான் கேட்கவில்லை.

உண்மை வெளியானது முதுகினால் அல்ல, கண்ணினால். ஒரு நாள் வலது கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனது. கண்ணை ஆராய்ந்த மருத்துவர், கருவிழிப்படலத்தில் அழற்சி என்று சொல்லிவிட்டு, “காலையில் எழும்போது முதுகு இறுகிப்போயிருக்கிறதா?” என்று கேட்டார். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது கண்ணும் பாதிக்கப்படும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குமுன் எத்தனையோ பேர் அவனிடம் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். எத்தனை மணிக்கு வலிக்கிறது என்று எவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அதன் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. எச்எல்ஏ-பி27 என்ற மரபணுக்கூறு இரத்தத்தில் இருந்தது. அது இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை என்பதால், அதை மட்டும் வைத்து யாரும் அஞ்ச வேண்டியதில்லை என்று மருத்துவரே விளக்கினார். எம்ஆர்ஐ படத்தில் மூட்டுகளின் அழற்சி தெளிவாகத் தெரிந்தது. முன்பு எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, ஏனென்றால் எலும்பில் மாற்றம் தோன்றி எக்ஸ்ரேயில் விழப் பல ஆண்டுகள் பிடிக்கும். ‘எக்ஸ்ரே சரியாக இருக்கிறது’ என்பதை ‘உனக்கு ஒன்றும் இல்லை’ என்று நாங்கள் புரிந்துகொண்டதுதான் தவறு. அதுவரை கொடுக்கப்பட்ட பாராசிட்டமாலுக்கு அசையாத வலி, அழற்சியைக் குறைக்கும் மாத்திரையைத் தொடங்கிய மூன்றாம் நாள் பாதியாகக் குறைந்தது. இப்போது இரண்டு வாரத்திற்கு ஒருமுறை தொடையில் தானே ஊசி போட்டுக்கொள்கிறான்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோய் உறுதியானதும் அவனுடைய உடற்தகுதி நிலை குறைக்கப்பட்டு, அலுவலக வேலை தரப்பட்டது. அது நல்லெண்ணத்தில் செய்யப்பட்டதே. ஆனால் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்ததில் இறுக்கம் திரும்பவும் ஏறியது. ‘ஓடக்கூடாது, தூக்கக்கூடாது’ என்று எல்லாவற்றையும் ஒரே சீட்டில் தடுத்துவிடுவது இந்த நோய்க்கு மருந்தல்ல. அவனுடைய பிரிவில் இருந்த ஒரு மூத்த வாரண்ட் அதிகாரி, ஒவ்வொரு மணி நேரமும் அவன் எழுந்து பத்து நிமிடம் நடந்துவிட்டு வரலாம் என்றும், மாலையில் நீச்சலுக்குப் போகலாம் என்றும் ஏற்பாடு செய்தார். செலவே இல்லாத அந்த ஏற்பாட்டோடு அவன் எஞ்சிய சேவையை ஒரு நாள் விடாமல் முடித்தான். அந்த அதிகாரிக்கு எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

சேவையிலிருந்து யாருக்கும் விலக்குக் கேட்டு நான் இதை எழுதவில்லை. முகாம்களில் வரும் முதுகுவலிகளில் பெரும்பாலானவை சாதாரணத் தசைப்பிடிப்புதான், சில வாரங்களில் ஆறிவிடும். நடிப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள், காலை வரிசையில் காத்திருப்பவர்களுக்குள் ஒருவரைச் சில நிமிடங்களில் பிரித்தறிவது எந்த மருத்துவருக்கும் எளிதல்ல என்பதும் உண்மையே. அதற்காகத்தான் சேவைக்கு முந்திய மருத்துவப் பரிசோதனையின் கேள்வித்தாளிலும், முகாம் மருத்துவ நிலையங்களிலும் சில கேள்விகளைக் கட்டாயமாகச் சேர்க்கும்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். வலி மூன்று மாதத்திற்கு மேல் இருக்கிறதா, காலை இறுக்கம் அரைமணி நேரத்தைத் தாண்டுகிறதா, வலியால் பின்னிரவில் விழிப்பு வருகிறதா, நடமாடினால் குறைகிறதா, கண் சிவந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்கேனும் இது உண்டா என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். பெரும்பாலானவற்றுக்கு ‘ஆம்’ என்று சொல்பவரை எக்ஸ்ரேயோடு நிறுத்திவிடாமல் மூட்டுநோய் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

முழுநேரச் சேவை முடிந்தாலும் இந்தப் பிள்ளைகளின் கடமை முடிவதில்லை. பொதுவாக 40 வயதுவரை, அதிகாரிகளானால் 50 வயதுவரை, போர்க்காலச் சேவைக்கு, அதாவது அவ்வப்போது நடக்கும் மறுபயிற்சிக்கு, அழைப்பு வரலாம். ஒவ்வொரு முறையும் புதிய அதிகாரியும் புதிய மருத்துவரும் இருக்கக்கூடும், பார்வைக்குத் திடகாத்திரமாக நிற்கும் ஓர் ஆடவன் தன் வலியை முதலிலிருந்து மெய்ப்பிக்க வேண்டிவரும். என் மகன் இப்போது ஒரு சிறிய குறிப்பேடு வைத்திருக்கிறான். எழுந்த நேரம், முதுகு தளர்ந்த நேரம், ஊசி போட்ட நாள் என்று மூன்று பத்திகள். அடுத்த மாதம் முதல் அழைப்புக்குப் போகும்போது மருத்துவரின் கடிதத்தோடு அதையும் எடுத்துச்செல்லப் போவதாகச் சொல்கிறான். மகன் முதுகைப் பிடித்துக்கொண்டு எழும் வீடுகளில் பெற்றோர் இன்றிலிருந்தே அந்த முதலிரண்டு பத்திகளை எழுதத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்