காணிக்கைப் பெட்டிக்கு எதிரே: பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவைக்கும் ஒரு திறந்த மடல்

இயேசுவில் அன்புள்ள பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

தோத்திரம்.

2024 நவம்பர் 10, ஞாயிறு இரண்டாம் பூசையில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. கோயிலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். வராதவர்களுக்கும் மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. அன்று முதல் வாசகம் வாசித்தவள் நான். வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அன்று திருச்சபை நாட்காட்டியில் பொதுக்காலம் 32-ஆம் ஞாயிறு. நான் வாசித்தது சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணின் கதை. மிச்சமிருக்கும் கைப்பிடி மாவைச் சுட்டு மகனோடு சாப்பிட்டுவிட்டுச் சாகலாம் என்று சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தவள். அப்புறம் நற்செய்தி, மாற்கு 12: இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண். நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிலுவை வரைந்துகொண்டு, நின்று கேட்டோம். உட்கார்ந்தோம். நீங்கள் ஒரு தாளை எடுத்தீர்கள், சாமி. மறையுரைக் குறிப்பு, அதாவது வாசித்த நற்செய்தியை விளக்கிப் பேச எழுதிவைத்தது என்றுதான் நினைத்தேன். அது திருவிழா வரி பாக்கிப் பட்டியல்.

அன்பியம் வாரியாக, பங்கின் ஒவ்வொரு சிறு குடும்பக் குழுவாக வாசித்தீர்கள். வீட்டுக்காரர் பெயர், கட்டியது, பாக்கி. ஏழாவதோ எட்டாவதோ வந்த பெயர் இறந்துபோன ஒருவருடையது. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது, பேரேட்டில் இன்னும் அவர் பெயர்தான். "கட்டியது 1200, பாக்கி 1800." அவர் மனைவி மூன்றாவது தூணருகே உட்கார்ந்திருந்தார். கூடை சுமந்து மீன் விற்கிற அக்கா. போன வாரம்தான் கல்லறைத் திருநாளுக்கு அந்த மனிதரின் குழியைச் செதுக்கிச் சுத்தம் பண்ணி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தவர். அந்தப் பெயர் மைக்கில் வந்ததும் தலையில் கிடந்த முந்தானையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த மகன் தரை ஓட்டின் கோட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். அவன் பத்தாவது படிக்கிறான், எல்லாம் புரிகிற வயது. நற்கருணை வாங்க இருவரும் எழுந்து வரவில்லை.

அந்த 1200-ம் மொத்தமாக வந்த பணம் இல்லை. இருநூறு இருநூறாக ஆறு தடவை. இரண்டு தடவை ரசீது எழுதியது நான். நோட்டில் மீன் வாடை அடித்தது.

நான் கேட்பது ஒன்றுதான். நற்செய்தி வாசித்த பிறகு நற்செய்தியைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

பேச அன்று எவ்வளவு இருந்தது, சாமி! அந்த இரண்டு காசு சேர்ந்து ஒரு கொதிராந்து என்கிற சின்ன ரோமை நாணயம். ஒரு நாள் கூலியான தெனாரியத்தில் 64-இல் ஒரு பங்கு. 640 ரூபாய் கூலி வாங்குகிறவருக்குப் பத்து ரூபாய். அன்றைய நற்செய்திக்கு வாசக நூலில் நீண்ட வடிவம், குறுகிய வடிவம் இரண்டும் உண்டு. நீங்கள் எடுத்தது குறுகியது, 41 முதல் 44 வரை. நீண்டது 38-இல் தொடங்கும். மறைநூல் அறிஞர்கள் கைம்பெண்களின் வீடுகளைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று ஆண்டவர் சொல்வது அதில்தான் வருகிறது. வேண்டுமென்றே விட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று வசனமும் இருந்தால்தான் இந்தப் பெண் யாரென்று தெரியும். ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்க்கிறார். பார்த்ததைச் சீடர்களை அருகே கூப்பிட்டுச் சொல்கிறார்; அந்தப் பெண் காதில் அது விழுந்ததாகக்கூட மாற்கு எழுதவில்லை. நீங்களும் இப்படியே போடுங்கள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த அதிகாரம் தொடங்கும்போதே கோயிலை விட்டு வெளியே வந்து, கல்லின் மேல் கல் இராதபடி இது இடிக்கப்படும் என்கிறார். இருபத்தைந்து வருடமாகக் கேட்கிற நற்செய்தி, வீட்டில் உட்கார்ந்து தனியாகப் படித்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. கோயிலில் உங்கள் வாயால் கேட்டிருக்க வேண்டியது.

என் அம்மாவால் இப்போது நடக்க முடியாது. ஞாயிறு மதியம் சோறு போட்டு வைத்ததும் கேட்பார், "சாமி என்ன சொன்னாங்க?" அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு வாரம் முழுக்க. அன்று என்னிடம் சொல்ல எதுவும் இல்லை. வரி பாக்கி வாசித்தாங்க என்றேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

ஞாயிறு பூசையில் தக்க காரணமில்லாமல் மறையுரையை விடக்கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே சொல்லிவிட்டது. எட்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று 2024 ஜூன் மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னார். எங்களுக்கு ஐந்து நிமிடம் போதும். அறிவிப்புக்கு இடம் நற்கருணைக்குப் பிறகு, இறுதி ஆசீருக்கு முன்னால், அதுவும் சுருக்கமாக. பாக்கிப் பட்டியலுக்கு அங்கேயும் இடமில்லை.

பேரவை அண்ணன்மாரே, வரி இல்லாமல் திருவிழா இல்லை என்பீர்கள். தெரியும், நானும் கொடியேற்றத்துக்குக் காத்திருக்கிறவள்தான். ஆனால் வாணவேடிக்கைக்கும் மின்விளக்குக்கும் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறதே, அதை யார் குறைக்கச் சொன்னார்கள்? பாக்கி இருந்தால் கல்யாண ஓலை கிடையாது, குழந்தைக்கு ஞானஸ்நானச் சீட்டு இழுத்தடிப்பு, கல்லறையில் இடம் கேட்டால் முதலில் ரசீதைக் காட்டு. செத்தவரைக்கூட கணக்கில் வைத்திருக்கிறோம். புனித பிரான்சிஸ் சவேரியார் நம் கடற்கரைக்கு வந்தது நம்மிடம் வரி பிரிக்கவா?

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது அதுவேதான்: நற்செய்திக்குப் பிறகு நற்செய்தி மட்டும்.

ஞாயிறு பூசையில் இந்த வாசகம் இனி 2027 நவம்பரில்தான் வரும். ஆனால் இந்த மாதம் 25, திங்கட்கிழமை, அதே கைம்பெண் லூக்கா 21-இல் வருகிறார். திருவிழாவின் இரண்டாம் நாள், காலைப் பூசை. அன்று அவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள், சாமி. அதற்கு முன்னால் ஒரு மாலை அந்த அக்கா வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். தாள் எதுவும் கொண்டுபோக வேண்டாம். பேரேட்டில் அவர் கணவர் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரை எழுதுங்கள். 25-ஆம் தேதி பூசைக்கு அவரை நான் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் குழுவிலிருந்து உங்கள் பங்கு மகள்