டிடி கேஸுக்கு வருகிறவர் பக்கத்தில் யார் நிற்பது?

தமிழ்நாட்டின் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர்களுக்கு, வணக்கம்.

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. ஒரு மாவட்டத் தலைநகரில், மாஜிஸ்ட்ரேட் கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் மேஜை போட்டு, 23 வருடங்களாக வக்காலத்து நிரப்பிக்கொண்டும் வாய்தா தேதி குறித்துக்கொண்டும் இருக்கிறேன். எங்கள் கோர்ட்டில் புதன்கிழமைகளில் டிடி கேஸ்களைக் கூப்பிடுவார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்களின் வழக்குக்கு இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் அது. அந்தப் புதன்கிழமைகளைப் பற்றித்தான் இந்த மடல்.

குடிகாரர்களுக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். என் அக்கா வீட்டுக்காரர் 2011-ல், விடியற்காலையில் பால் கேனோடு சைக்கிளில் போகும்போது கார் மோதிச் செத்துப்போனார். ஓட்டியது ஊரில் பெரிய கான்ட்ராக்டர் வீட்டுப் பையன். இறங்கி நிற்கக்கூட முடியாத போதை. ஆனால் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் 'வாயில் மது வாடை உள்ளது' என்று ஒரு வரி எழுதியதோடு டூட்டி டாக்டர் நிறுத்திக்கொண்டார். ரத்தம் எடுக்கவில்லை. வாடையும் தள்ளாட்டமும் மட்டும் போதாது, ரத்தமோ சிறுநீரோ பரிசோதித்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே ஒரு விபத்து வழக்கில் சொல்லியிருக்கிறது. அது தெரிந்த ஒரு சீனியர் வக்கீல் அந்தப் பையனுக்காக வந்தார். குடி என்ற பேச்சே கேஸிலிருந்து கழன்றுபோனது. நல்ல வக்கீல் வந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் வீட்டுக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் சட்டம் கறாராக இருப்பதில் எனக்கு வருத்தமே கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். இங்கிலாந்தில் இந்த அளவு 80. பழைய 2,000 ரூபாய் அபராதத்தை 2019 திருத்தத்தில் 10,000 ஆக்கினார்கள், இங்கே 2022 அக்டோபரிலிருந்து விடாமல் வசூலிக்கிறார்கள். முதல் முறை ஆறு மாதம் வரை சிறையும் போடலாம். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய், அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். சரி, இருக்கட்டும்.

போன தை மாதம் ஒரு புதன்கிழமை, குட்டியானை ஓட்டும் ஒருவர் வந்தார். மண்டியில் லோடு இறக்கிவிட்டு ஒரு கட்டிங் போட்டிருக்கிறார். ராத்திரி பதினொரு மணிக்கு பைபாஸில் ஊதச் சொன்னார்கள். மெஷின் 46 காட்டியது. வண்டியை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். மனைவியின் கம்மலை அடகு வைத்துப் பணத்தோடு கோர்ட்டுக்கு வந்திருந்தார். பெயரைக் கூப்பிட்டார்கள், உள்ளே போனார். 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?' 'ஆமாங்க ஐயா.' அவ்வளவுதான். நான் வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டார். ரசீதை ரேஷன் கார்டோடு பாலிதீன் கவரில் மடித்து வைத்துக்கொண்டு, "முடிஞ்சுதுங்கண்ணா" என்று சிரித்தார்.

ஐந்து வாரம் கழித்து அதே கவரோடு வந்தார். உள்ளே ஆர்.டி.ஓ. ஆபீஸ் நோட்டீஸ். உங்கள் லைசென்ஸை ஏன் தற்காலிகமாக ரத்து செய்யக் கூடாது, பதில் சொல்லவும் என்று கேட்டிருந்தார்கள். பதில் சொல்லும் தேதி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. கவர்மெண்ட் முத்திரையோடு வந்த காகிதம், பணம் கட்டியதற்கு வந்த கடிதமாக இருக்கும் என்று முருகன் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். "அதான் பணம் கட்டிட்டமேங்கண்ணா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் கட்டியது அபராதம். லைசென்ஸ் வேறு கணக்கு. 185-ல் தண்டித்தால் குறைந்தது ஆறு மாதம் வண்டி ஓட்டத் தகுதியிழக்கச் செய்ய வேண்டும் என்று 20-வது பிரிவு கோர்ட்டுக்கே சொல்கிறது. அது போக, 19-வது பிரிவில் ஆர்.டி.ஓ.வுக்கும் தனி அதிகாரம் உண்டு. ஆனால் ஆர்.டி.ஓ. உத்தரவு போடுவதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவர் சொல்வதைக் கேட்க வேண்டும். உத்தரவு வந்தபிறகும் 30 நாளுக்குள் அப்பீல் போகலாம். இதில் ஒரு வரிகூட அந்த ரசீதில் கிடையாது. ஆறு மாதம் வண்டி எடுக்க முடியாவிட்டால் கம்பெனி உத்தியோகக்காரருக்கு ஆட்டோ செலவு கூடும். இவருக்கு அடுப்பு எரியாது. இப்போது அதே மண்டியில் மூட்டை தூக்குகிறார்.

வக்கீல் இருந்திருந்தால் தப்பித்திருப்பாரா? மாட்டார். 46 என்றால் 46 தான். தப்பிக்க வைக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. 'நீ ஒப்புக்கொண்டால் பணத்தோடு போகாது, லைசென்ஸும் போகும், அடுத்த முறை மாட்டினால் இது முதல் குற்றமாகக் கணக்கில் இருக்கும். வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வரும், வந்த அன்றைக்கே என்னிடம் கொண்டுவா' என்று சொல்ல ஒரு ஆள். மெஷின் கொடுத்த பிரிண்ட் சீட்டை வாங்கி நேரத்தையும் எண்ணையும் ஒருமுறை பார்க்க ஒரு ஆள். கைது செய்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் கொண்டுபோனார்களா என்று கேட்க ஒரு ஆள். இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று 202-வது பிரிவே சொல்கிறது. கான்ட்ராக்டர் வீட்டுப் பையனுக்கு இதையெல்லாம் கேட்க ஆள் இருந்தது.

பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. குற்றத்துக்கு உடந்தை என்று 188-வது பிரிவில் அவர்களும் 10,000 கட்டுகிறார்கள். லிஃப்ட் கேட்டு ஏறியவர் எப்படி உடந்தை ஆவார் என்று கேட்கலாம். கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த இடத்தில் யாருமே இல்லை என்றும் சொல்ல முடியாது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு புரோக்கர் இருக்கிறார். 3,000 கொடு, ஐயாவிடம் சொல்லி அபராதத்தைப் பாதியாக்கித் தருகிறேன் என்பார். சட்டத்தில் '10,000 ரூபாய்' என்றுதான் இருக்கிறது, 'வரை' என்ற சொல்லே கிடையாது. இது தெரியாதவர்கள் 13,000 கட்டிவிட்டுப் போகிறார்கள்.

உங்கள் ஆட்கள் எங்கள் கோர்ட்டுக்கு வருகிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ரிமாண்டுக்குக் கொண்டுவரும் ஆட்களுக்கு உங்கள் பேனல் வக்கீல், அதாவது உங்கள் பட்டியலில் உள்ள இலவச வக்கீல், நிற்கிறார். ஆனால் டிடி கேஸ்காரர் வீட்டிலிருந்து குளித்துவிட்டு பஸ் ஏறித் தானாக வருகிறார். ரிமாண்ட் கைதி இல்லை, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. காவலில் இருப்பவர்கள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், குறைந்த வருமானக்காரர்கள் எல்லோருக்கும் இலவச வக்கீல் என்று 1987-ம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. புதன்கிழமை வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேராவது அதற்குள் வருவார்கள் என்பது என் கணக்கு. உங்கள் 15100 சட்ட உதவி நம்பர் போஸ்டரும் ஒட்டியிருக்கிறது, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. டிடி கேஸ் கூப்பிடும் நாளில், காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை ஒரு பேனல் வக்கீல். கூட ஒரு சட்டத் தன்னார்வலர். தமிழில் ஒரே ஒரு பக்கத் தாள், பெரிய எழுத்தில்: ஒப்புக்கொண்டால் என்ன ஆகும், லைசென்ஸ் என்ன ஆகும், நோட்டீஸ் வந்தால் எத்தனை நாளுக்குள் எங்கே போக வேண்டும். அடிபட்டவர் வீட்டாருக்கும் அதே மேஜையில் சொல்லுங்கள். நஷ்டஈட்டு மனு போட ஆறு மாதம்தான் என்று சட்டத்தில் எழுதி, 2022 ஏப்ரலில் அமலுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். என் அக்கா காரியம் முடிந்து தெளிந்து எழவே எட்டு மாதம் ஆனது. அன்றைக்கு அந்தக் கெடு இல்லாததால் மனு தள்ளுபடியாகாமல் நின்றது.

இடம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வேப்பமரத்தடியில் என் மேஜை இருக்கிறது. புதன்கிழமை காலையில் எனக்கு வேலை குறைவு, ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். நாற்காலி இரண்டு உண்டு. ஒன்றுக்குக் கால் ஆடுகிறது, அதை இந்த வாரமே ஆசாரியிடம் கொடுத்துச் சரிசெய்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா