மலேசியாவைப் பார்த்தது போதும், எங்கள் ஃபீடரைக் கொஞ்சம் பாருங்கள்

நாகர்கோவிலில் சிறுதொழில் செய்வோருக்குப் 'போட்டித்திறன்' பயிலரங்கு நடத்திய அதிகாரிகளுக்கும், அதே வாரத்தில் எங்கள் மனுவை முடித்துவைத்த அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பயிலரங்குக்கு அழைத்ததற்கு முதலில் நன்றி. சாப்பாடு நன்றாக இருந்தது, இலைக்கு ஒரு மட்டிப்பழம்கூட வைத்திருந்தீர்கள். பேச வந்தவரும் விஷயம் தெரிந்தவர். போட்டியில் முந்த ஒரு நிறுவனத்துக்கு இரண்டே வழிதான், ஒன்று மற்றவனைவிடக் குறைந்த செலவில் செய்ய வேண்டும், இல்லையென்றால் மற்றவனால் தர முடியாத ஒன்றைத் தர வேண்டும் என்றார். பிறகு மலேசியாவின் கையுறைத் தொழிற்சாலை ஒன்றைத் திரையில் காட்டி, "ரப்பர் விளைவது உங்கள் ஊரில், காசு பார்ப்பது அவர்கள். ஏன் என்று யோசியுங்கள்" என்றார். சரியாக அந்த இடத்தில் கரண்ட் போனது. மண்டபத்து ஜெனரேட்டர் உடனே உறுமியது, படம் திரும்ப வந்தது, அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். முன்வரிசையில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பின்னால் இருந்த பட்டறைக்காரர்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

யோசிக்கச் சொன்னார் அல்லவா? யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். இரண்டு நாள் கழித்துச் செல்போனில் ஒரு குறுஞ்செய்தி: தங்கள் மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது. நாங்கள் மனுவில் கேட்டது, எங்கள் பகுதிப் பட்டறைகளுக்குத் தனியாக ஒரு மின் ஃபீடர், அதாவது துணைமின் நிலையத்திலிருந்து எங்களுக்கென்று வரும் தனி லைன். எடுக்கப்பட்ட உரிய நடவடிக்கை, கம்பி மேல் சாய்ந்திருந்த சில கிளைகளை வெட்டியது. வெட்டிய கிளைகளை ரோட்டோரமே போட்டுவிட்டுப் போனார்கள், அதை அப்புறப்படுத்தியது நாங்கள். அந்தக் குறுஞ்செய்திதான் இந்த மடலை எழுத வைத்தது.

பின்னணி உங்களுக்குத் தெரியும். குலசேகரம், திருவட்டாறு, மார்த்தாண்டம் பக்கத்துச் சிறு பட்டறைகள் எந்த லைனில் இருக்கின்றன, அந்த லைன் எத்தனை ரப்பர் தோட்டங்களுக்குள் புகுந்து வருகிறது என்பது உங்கள் வரைபடத்திலேயே இருக்கிறது. ரப்பர் மரம் பேரில்தான் ரப்பர், காற்றடித்தால் முருங்கை மாதிரி முறியும். வைகாசி கடைசியில் தொடங்கும் காற்று ஆவணி வரைக்கும் விடாது, அப்புறம் ஐப்பசி மழை. எங்கோ ஒரு தோட்டத்தில் ஒரு கிளை விழுந்தால் மொத்த ஃபீடரும் படுத்துவிடும். லைன்மேன்களைக் குறை சொல்லவில்லை. கொட்டும் மழையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகத் தேடுவது அவர்கள்தான்.

கரண்ட் போனால் வீட்டில் ஃபேன் நிற்கும், சீரியல் நிற்கும். எங்கள் பட்டறையில் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் 'ஜெனரேட்டர் போட்டுக்கொள்ளலாமே' என்று சொல்லும் எவரும் ஒரு பிரஸ் முன்னால் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை.

நாங்கள் செய்வது பம்புக்கும் மோட்டாருக்கும் போகும் புஷ், கேஸ்கெட் மாதிரியான சின்னச் சாமான்கள். ரப்பரோடு கந்தகமும் கார்பன் கரியும் மற்ற மருந்துகளும் சேர்த்து மில்லில் போட்டு அரைத்தால் கம்பவுண்ட் வரும். அதை அச்சில் வைத்துப் பிரஸ்ஸில் அழுத்தி, சுமார் 150 டிகிரி சூட்டில், சாமானின் கனத்துக்குத் தக்க நிமிடங்கள் வேக வைக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் கந்தகம் ரப்பரைக் கட்டிப் பிடிக்கிறது. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த அதே வேலைதான் இன்றும் நடக்கிறது. இதில் ஒரு சங்கடம் உண்டு. இது ஒருவழிப் பாதை. பாதி வெந்ததைத் திரும்ப உருக்க முடியாது, பச்சைக் கம்பவுண்டாக மாற்றவும் முடியாது. பிளாஸ்டிக்காரனுக்கு உடைந்ததை அரைத்து மறுபடி ஊற்றும் வசதி இருக்கிறது. எங்களுக்கு அது கிடையாது.

பாதியில் கரண்ட் போனால் அச்சை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் பிளேட்டின் சூடு இறங்கத் தொடங்கும். எவ்வளவு இறங்கியது, உள்ளே எவ்வளவு வெந்தது என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. திறந்து பார்த்தால் வெளியே பளபளவென்று இருக்கும், வெட்டிப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரிக் குமிழி. மில்லில் இருக்கும் கம்பவுண்ட் வேறு தினுசாகக் கெடும். ரோலர் நின்றதும் அந்தச் சூட்டிலேயே பிடிக்க ஆரம்பித்துவிடும், கத்தியால் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட வேண்டியதுதான். ஜெனரேட்டர் எங்களிடமும் இருக்கிறது. ஆனால் பிளேட்டைச் சூடாக்கும் ஹீட்டர்கள் எல்லாவற்றையும் டீசலில் ஓட்டினால், அந்தச் சாமானின் லாபம் டீசல் டேங்கிலேயே முடிந்துவிடும். அதனால் மில்லை மட்டும் காப்பாற்றிக்கொள்கிறோம். பிரஸ்ஸில் இருப்பது அதன் தலைவிதி.

போன ஆடியில் கோவையில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனிக்கு அவசர ஆர்டர். கடைசி லாட் பிரஸ்ஸில் இருக்கும்போது கரண்ட் போய், வந்து, மறுபடி போய், அப்புறம் மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் வந்தது. "அண்ணே, இதத் தெறக்கவா, விடவா?" என்று பிரஸ்ஸில் நின்ற அக்கா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த லாட் முழுக்கத் தள்ளுபடி. தாமதத்துக்குப் பிடித்தம் செய்ததோடு, அந்தக் கம்பெனி அடுத்த ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. "உங்க சாமான் நல்லாத்தான் இருக்கு சார், ஆனா என்னைக்கு வரும்னு உங்களுக்கே தெரியலியே" என்றார் கொள்முதல் பார்க்கும் பையன். எந்தப் பயிலரங்கிலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

இனி மலேசியாவுக்கு வருவோம், நீங்கள்தானே பார்க்கச் சொன்னீர்கள்.

1817இல் டேவிட் ரிக்கார்டோ என்ற பொருளாதார அறிஞர் ஒரு கணக்குச் சொன்னார். போர்ச்சுகல் மது செய்யட்டும், இங்கிலாந்து துணி நெய்யட்டும், மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம் என்று. அந்தக் கணக்கை எங்களுக்குப் போட்டால், குமரிக்காரன் விடியலில் பால் வெட்டி, சிரட்டையில் பிடித்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட் அடித்து, புகைப்புரையில் உலர்த்தி விற்றுவிட்டு, கோட்டயம் மார்க்கெட் விலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மலேசியா அப்படி உட்காரவில்லை. ஒரு காலத்தில் உலகிலேயே அதிகம் ரப்பர் விளைவித்த நாடு, பிறகு அந்த இடத்தைத் தாய்லாந்திடம் விட்டுவிட்டது. ஆனால் 1980களில் எய்ட்ஸ் பயத்தில் உலகமெங்கும் மருத்துவக் கையுறை தேவைப்பட்டபோது அதைப் பிடித்துக்கொண்டது. இன்று அது பயன்படுத்தும் ரப்பர் பாலில் பெரும்பங்கு தாய்லாந்து போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதியாகிறது. மரம் குறைந்தது, தொழில் வளர்ந்தது.

ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே. ரப்பர் விளையாத நாடு. குருமே என்ற ஊரில் துணிக் காலுறை தைத்துக்கொண்டிருந்த போட்டிக் கம்பெனிகள் 1920களில் அதற்கு ரப்பர் அடி ஒட்ட ஆரம்பித்தன. அந்த ஊரிலிருந்துதான் 1931இல் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் கம்பெனி வந்தது. போட்டியாளர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருந்தது அவர்களுக்கு நல்லதாகத்தான் போயிற்று. போட்டித்திறன் பற்றி எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் சொன்னதாக உங்கள் பேச்சாளர் திரையில் போட்ட நான்கு மூலைப் படமும் இதைத்தானே சொல்கிறது? மண்ணும் மரமும் தானாகக் கிடைப்பவை. திறமை, ஆய்வுக்கூடம், சாலை, மின்சாரம் எல்லாம் உண்டாக்க வேண்டியவை, நிலைத்து நிற்கும் அனுகூலம் அவற்றிலிருந்துதான் வருகிறது. அந்தப் படத்தில் அரசுக்கும் ஒரு வேலை ஒதுக்கியிருந்தது. அதை அவர் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிட்டார்.

கேள்வி நேரத்தில் நான் ஃபீடரைப் பற்றிக் கேட்டதற்குக் கிடைத்த பதிலை மறக்க முடியவில்லை. "குறை இருந்தால்தான் புதுமை பிறக்கும். இடமும் மூலதனமும் இல்லாததால்தானே ஜப்பான்காரன் சரக்கைத் தேக்காமல் வேலை செய்யக் கற்றான்?" உண்மைதான். வானம் பார்த்த பூமியாக இருந்த சிவகாசி தீப்பெட்டிக்குத் திரும்பியதும் அப்படித்தான். ஆனால் அந்தக் குறைகள் எல்லாம் நிலையான குறைகள். இடம் குறைவு என்றால் இன்றும் குறைவு, நாளையும் குறைவு, அதற்கேற்ப யோசிக்கலாம். எங்கள் குறைக்கு நேரம் கிடையாது, அளவு கிடையாது. தினமும் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கரண்ட் கிடையாது என்று சொல்லுங்கள், நாளைக்கே ஷிப்டை மாற்றிக்கொள்கிறோம். எப்போது போகும் என்று தெரியாத கரண்டை வைத்துக்கொண்டு என்ன புதுமை செய்ய? பிரஸ் மேல் எலுமிச்சம்பழம் கட்டலாம், அதையும் கட்டியாயிற்று.

இந்தக் குறை எந்த மாவட்டத்தில் என்று பாருங்கள். மேலே கோதையாற்றில் 100 மெகாவாட் நீர் மின்நிலையம். கிழக்கே ஆரல்வாய்மொழி, முப்பந்தலில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள். எல்லையைத் தாண்டினால் கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட்டில் அணு உலைகள். எந்தக் காற்றில் முப்பந்தல் இறக்கைகள் சுழல்கின்றனவோ, அதே பருவத்துக் காற்றில்தான் எங்கள் ஃபீடர் படுக்கிறது. சுற்றிலும் மின்சாரம் செய்கிறோம். நடுவில் ஒரு பிரஸ் பத்து நிமிடம் நிற்காமல் ஓட வழியில்லை.

இங்கே சிலவற்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு எங்கள் மாவட்டத்து மலைகளிலிருந்தும் பாறை போயிற்று. அதை ஏற்றிய டாரஸ் லாரிகள் ஓடி ஓடி உள்ளூர்ச் சாலைகள் என்ன கதியில் கிடக்கின்றன என்று உங்கள் ஜீப்புக்கே தெரியும். 2025இல் துறைமுகத்தைத் திறந்தும் வைத்தாயிற்று. மார்த்தாண்டத்திலிருந்து தூத்துக்குடியைவிட விழிஞ்ஞம் எவ்வளவோ பக்கம். ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் கப்பலிலிருந்து கப்பலுக்கு மாற்றும் வேலை. கல்லுக்கு வழி கிடைத்தது, எங்கள் சாமானுக்கு இன்னும் கிடைக்கவில்லை. காவல்கிணற்றிலிருந்து களியக்காவிளை வரை நான்குவழிச் சாலை என்றார்கள். மண் இல்லை என்று அது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. மலையைக் கொடுத்த மாவட்டத்தில் மண் இல்லை! வாக்குறுதியில் வரும் ரப்பர் தொழிற்பூங்காவைப் பற்றிப் பேசப்போவதில்லை, தேர்தலுக்குத் தேர்தல் அது தானாகவே பேசிக்கொள்கிறது.

சரி, விட்டுவிடுகிறேன். மடல் எழுதியது ஃபீடருக்காக.

'தனியாக வேண்டுமென்றால் முழுச் செலவையும் நீங்களே கட்டுங்கள், போட்டுத் தருகிறோம்' என்று அலுவலகத்தில் ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார். துணைமின் நிலையத்திலிருந்து எங்கள் பட்டறைகள் வரை கம்பம், கம்பி, பிரேக்கர் எல்லாம் சேர்த்து அவர் சொன்ன தொகை எங்கள் எல்லாருடைய பிரஸ்ஸையும் விற்றாலும் வராது. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தபோது நிலைக்கட்டணமும் சேர்ந்து உயர்ந்தது. கரண்ட் வந்தாலும் வராவிட்டாலும் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அதற்குப் பதிலாகக் கம்பி தொடர்ந்து உயிரோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசையா?

மானியம் கேட்கவில்லை. கடன் தள்ளுபடி கேட்கவில்லை. இயந்திரக் கடனுக்கு வட்டிச் சலுகை இருக்கிறது என்று பயிலரங்கில் ஒரு துண்டறிக்கை கொடுத்தீர்கள், நல்ல திட்டம்தான். ஆனால் புதுப் பிரஸ் வாங்கினாலும் அதுவும் இதே ஃபீடரில்தான் நிற்கும். எங்களுக்கு வேண்டியது தனி ஃபீடர். அது உடனே முடியாது என்றால், தோட்டங்களுக்குள் போகும் பகுதியில் மட்டுமாவது உறையிட்ட கம்பியோ புதைவடமோ போடுங்கள். 2017இல் ஒக்கி புயல் அடித்து இந்தப் பக்கம் மரமும் கம்பமும் சேர்ந்து சரிந்து, நாள்கணக்கில் இருட்டில் கிடந்தபோது இதைச் செய்திருக்கலாம். அன்று நட்ட கம்பங்களும் அதே மரங்களுக்கு நடுவில்தான் நிற்கின்றன.

முடித்துவைத்த மனுவைத் தயவுசெய்து மறுபடி திறவுங்கள். தொழில்துறையிலிருந்து ஒருவர், மின்துறையிலிருந்து ஒருவர், இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்து வாருங்கள். தனித்தனியாக வந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டுப் போவார், அதையும் பார்த்திருக்கிறோம். ஆனி அல்லது ஆடியில் காற்று வீசும் ஒரு வேலை நாளில் வந்து ஒரு ஷிப்ட் முழுக்கப் பிரஸ் பக்கத்தில் நில்லுங்கள். பிறகு ஃபீடர் தர முடியுமா, எந்த மாதத்துக்குள் தர முடியும், முடியாதென்றால் ஏன் முடியாது என்று கையெழுத்திட்ட கடிதமாகக் கொடுங்கள். குறுஞ்செய்தி வேண்டாம். அந்தக் கடிதத்தின் நகல் எங்களுக்குத் தேவைப்படும், ஆர்டரை நிறுத்திவிட்ட கோவைக் கம்பெனிக்கு அதை அனுப்பித்தான் நாங்கள் மறுபடி பேச்சைத் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
மார்த்தாண்டம் பக்கத்தில் ரப்பர் சாமான் செய்யும் ஒரு பட்டறைக்காரன்
(பக்கத்துப் பட்டறைக்காரர்களின் சம்மதத்தோடு)